தரவுத்தள மேம்பாடும் கடவுச்சொல் பாதுகாப்பும்

ஓய்வூதியம், குடும்ப அட்டை, நிலப் பதிவு ஆகியவை பற்றிய விவரங்கள் இன்று பெரும்பாலும் கணிப்பொறித் தரவுத்தளங்களிலேயே உள்ளன. அவற்றை இயக்கும் மென்பொருளுக்கும் ஆயுட்காலம் உண்டு. போஸ்ட்கிரெஸ் மென்பொருளின் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஏறத்தாழ 5 ஆண்டுகளே திருத்தங்கள் கிடைக்கும், மைஎஸ்கியூஎல் 5.7 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிவுற்றது. ஆகவே பதிப்பை உயர்த்துவது தவிர்க்க இயலாத பணியாகும். மக்கள் சேவை தடைபடாதிருக்க, இப்பணி நள்ளிரவில் தானாக நடைபெறுமாறு ஏற்பாடு செய்யப்படுவதுண்டு. மேம்பாட்டுக் கருவி கடவுச்சொல்லைக் கேட்கும் அவ்வேளையில் விடையளிக்க ஊழியர் எவரும் இரார்.

கருவூலப் பாதுகாப்பறைக்கு இரட்டைப் பூட்டு முறை உண்டு. இரு அலுவலர்கள் தத்தம் சாவியுடன் வந்தாலன்றி அறை திறவாது. தரவுத்தளத் தலைமைக் கணக்கின் கடவுச்சொல்லோ ஒற்றைச் சாவி. அது கைக்கு வந்தவர் ஓய்வூதியப் பட்டியல் முழுவதையும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். பதிப்பை உயர்த்தும் கருவி அந்த முழு அதிகாரம் இன்றி இயங்காது. அதிகாரத்தைக் குறைக்க வழியில்லாதபோது, கடவுச்சொல் இருக்கும் இடத்தையே காக்க வேண்டியதாகிறது.

கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதிவிடுவது எளிது. ஆனால் அதுவே மிக மோசமான வழி. லினக்ஸ் கணிப்பொறியில் ஒருவர் இயக்கும் கட்டளையைப் பிற பயனர்களும் பொதுவாகப் பார்க்க முடியும். சூழல் மாறியில் வைப்பதையும் போஸ்ட்கிரெஸ் கையேடு பரிந்துரைப்பதில்லை. சில இயக்கமுறைமைகளில் அதுவும் பிறர் கண்ணில் படும்.

இவற்றினும் மேலானது கடவுச்சொல் கோப்பு. போஸ்ட்கிரெஸில் கணிப்பொறி, வாயில் எண், தரவுத்தளம், பயனர், கடவுச்சொல் என்னும் 5 விவரங்களை முக்காற்புள்ளியிட்டு ஒரே வரியில் எழுத வேண்டும். கோப்பின் அனுமதி 0600 ஆக, அதாவது உரியவர் மட்டுமே படிக்கவும் எழுதவும் கூடியதாக, இருத்தல் வேண்டும். அனுமதி அதனினும் தளர்ந்திருந்தால் மென்பொருள் அக்கோப்பைப் பொருட்படுத்தாது. (நமது சுற்றறிக்கைகள் பலவற்றுக்கு இத்தகைய கண்டிப்பு வாய்ப்பதில்லை!) எனினும் உள்ளிருப்பது மறையாக்கம் செய்யப்படாத எழுத்தே. காப்புநகல் எடுக்கும்போது இக்கோப்பும் உடன் சென்றுவிடக்கூடும்.

கடவுச்சொல்லே தேவைப்படாத முறை எல்லாவற்றினும் சிறந்தது. கருவியும் தரவுத்தளமும் ஒரே கணிப்பொறியில் இருப்பின், இணைப்பவர் யார் என்பதை இயக்கமுறைமையிடமே கேட்டறிந்து போஸ்ட்கிரெஸ் அனுமதிக்கும். பழைய தளத்துக்கும் புதிய தளத்துக்கும் மேம்பாட்டுக் கருவி பலமுறை இணைய வேண்டியிருப்பதால், அதன் கையேடு இம்முறையையோ கடவுச்சொல் கோப்பையோ கையாளச் சொல்கிறது. மரியாடிபியிலும் 10.4 பதிப்பு முதல் தலைமைக் கணக்குக்கு இத்தகைய வசதி உண்டு. மைஎஸ்கியூஎல் 8.0.16 முதல், புதிய பதிப்பு தொடங்கும்போது இவ்வேலையைத் தானே செய்துகொள்கிறது. தனிக் கருவிக்குக் கடவுச்சொல் வழங்கும் தேவை அங்கு நீங்கிற்று.

‘ஓர் இரவுக்குத்தானே’ என்று எவரையும் சோதிக்காமல் அனுமதிக்கும் அமைப்பை இயக்கிவிடுவது வேறு. மறுநாள் அதனை மாற்ற மறந்தால், அக்கணிப்பொறியில் நுழைந்த எவரும் தலைமைக் கணக்கின் பெயரால் தரவுத்தளத்துள் புகலாம்.

இணையப் பாதுகாப்பு நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரலில் பணித்தது. தனிநபர் தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்துள்ளது. ஒப்பந்த நிறுவனம் மாறும் நாளில் அறைச் சாவியைத் திரும்பப் பெற்றுக் கையொப்பமிடும் பதிவேட்டிலேயே, கடவுச்சொல் மாற்றப்பட்டதா, கோப்பு நீக்கப்பட்டதா என இரு பத்திகளைச் சேர்க்கலாம்.