செவலைக்கு ஒரு வீடு

தெரு நாய்களை நாம் தினமும் பார்க்கிறோம். டீக்கடை வாசலில் படுத்திருக்கும். தெரிந்தவர் வந்தால் வாலை ஆட்டும். தெரியாதவர் வந்தால் குரைக்கும். ஆனால் சில நாய்கள் வாலை ஆட்டாது. குரைக்கவும் செய்யாது. மனிதரைக் கண்டாலே ஓடி ஒளியும்.

செவலை அப்படிப்பட்ட நாய்.

அது பெட்டை நாய். லாரி ஷெட்டுக்குப் பின்னால் பிறந்தது. ஒரு வயதில் வண்டியில் அடிபட்டது. பின்னங்கால் முறிந்தது. விலங்கு நலச் சங்கத்தார் அதைத் தூக்கிச் சென்றார்கள். இப்படிப்பட்ட சங்கங்கள் நம் நாட்டில் பல ஊர்களில் உள்ளன. சென்னையில் உள்ள புளூ கிராஸ் 1959-இல் தொடங்கியது.

சங்கத்தில் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். வெறிநாய்க்கடி நோய் வராமல் தடுப்பூசி போட்டார்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். கால் தேறியதும் கருத்தடை செய்தார்கள். அதற்கு அடையாளமாக ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டினார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டுவதால் நாய்க்கு அப்போது வலி தெரியாது. காது வெட்டுப்பட்ட நாயை உங்கள் தெருவிலும் பார்த்திருப்பீர்கள்.

கருத்தடை செய்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே விடுவதுதான் வழக்கம். ஆனால் செவலை நொண்டியது. ஓடும் வண்டிக்கு விலகத் தெரியவில்லை. சங்கத்தின் கூண்டிலும் அது சாப்பிடவில்லை. சுற்றிலும் நாய்கள் குரைக்கும் சத்தம். மூலையில் சுருண்டே கிடந்தது.

அதனால் கீரை விற்கும் ஓர் ஆயாவிடம் அதை விட்டார்கள். நிரந்தரமாக அல்ல. அதற்கென்று ஒரு வீடு கிடைக்கும் வரைதான். மருந்துச் செலவு சங்கத்துடையது. சோறும் இடமும் ஆயாவுடையது.

வந்த அன்றே செவலை கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. பகலெல்லாம் வெளியே வரவில்லை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு வந்து சோற்றைத் தின்றது.

“யாரோ நல்லா அடிச்சிருக்காங்க ஆயா. அதான் இப்படிப் பயப்படுது” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

அடித்ததால்தான் பயப்படுகிறது என்று எப்போதும் சொல்ல முடியாது. குட்டி பிறந்து மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய மூன்று மாதம் வரை முக்கியமான காலம். அப்போது அது எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ, அதற்குப் பின்னாளில் அதிகம் பயப்படாது. அந்த நாட்களில் மனிதர் கையே படாமல் வளர்ந்த குட்டிக்கு மனிதர் என்றால் பயம்தான். யாரும் அடிக்க வேண்டியதே இல்லை.

ஆயா அதை வெளியே இழுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்தும் பார்க்கவில்லை. முதுகை அரைவாசி திருப்பி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். நேருக்கு நேர் உற்றுப் பார்த்தால் பயந்த நாய்க்கு அது மிரட்டல் போலத் தெரியும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே தட்டில் சோறு வைத்தார். தட்டைத் தினமும் ஒரு சாண் தன் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான் செய்தார்.

பன்னிரண்டாம் நாள் செவலை வந்து ஆயாவின் முழங்கையை முகர்ந்தது. ஆயா கையை அசைக்கவில்லை. ஒரு மாதம் ஆனதும் தாடைக்குக் கீழே தடவ விட்டது. தலைக்கு மேலே கை போனால் மட்டும் இன்னும் பதுங்கியது.

நாய்க்குப் பேச்சு இல்லை. உடம்புதான் பேசும். வாலை வயிற்றுக்கு அடியில் ஒடுக்கினால் பயம். காதைப் பின்னால் மடித்தாலும் பயம். தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும் “எனக்குச் சங்கடமாக இருக்கிறது” என்று சொல்வதுதான்.

ஒரு நாள் ஆயாவின் பேரன் கட்டிலுக்கு அடியில் கையை விட்டான். செவலை உறுமியது. பேரன் குச்சியை எடுத்தான்.

“குச்சியக் கீழ போடுடா. வராதேன்னு சொல்லுது. சொல்லிட்டுத்தானே இருக்கு, கடிக்கலையே” என்றார் ஆயா.

ஆயா சொன்னது சரி. உறுமியதற்கு அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும். அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும்.

எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பு ஊசியை வயிற்றில் போட்டார்கள். இப்போது கையில்தான் போடுகிறார்கள். மருத்துவர் சொன்ன நாட்களில் எல்லா ஊசியையும் போட்டுக்கொள்ள வேண்டும். நோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

நான்கு மாதம் ஆயிற்று. செவலை ஆயாவுடன் வாசல் வரை வந்தது. கயிறு கட்டினால் நடந்தது. “இனி வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம்” என்று சங்கத்தார் சொன்னார்கள்.

ஓர் ஆட்டோக்காரர் மனைவியோடும் மகளோடும் பார்க்க வந்தார். செவலை ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்தது. மகளுக்கு முகம் வாடிவிட்டது.

“விளையாடாதா ஆயா?”

“இப்ப விளையாடாது கண்ணு. நீ தினம் வா. அதைப் பார்க்காம உட்காரு.”

அவர்கள் நான்கு முறை வந்தார்கள். நான்காம் முறை செவலை சிறுமியின் செருப்பை முகர்ந்தது.

“எங்களுக்கே குடுத்துடுங்கம்மா” என்றார் ஆட்டோக்காரர்.

“குடுக்கறேன் தம்பி. ஆனா ஒண்ணு. உங்க வீட்டுக்கு வந்ததும் இது மறுபடியும் முதல் நாள் மாதிரி ஆயிடும். ஒரு வாரம் பார்த்துட்டு, சரிப்படலைன்னு தெருவுல விட்டுடக் கூடாது.”

வளர்த்த விலங்கைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

ஆயா இன்னும் சில விஷயங்கள் சொன்னார். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுத வேண்டும். முதல் சில வாரம் கதவைத் திறக்கும் முன் நாய் எங்கே என்று பார்க்க வேண்டும். புது வீட்டிலிருந்து தப்பி ஓடும் நாய்க்குத் திரும்ப வழி தெரியாது. ஓடினால் துரத்தக் கூடாது. துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும். தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்காத மூலையில் இடம் கொடுக்க வேண்டும்.

“நாமளே வச்சுக்கலாமே ஆயா” என்று பேரன் அழுதான்.

“இருக்கறது ஒரு கட்டில். அடுத்தது வந்தா எங்கடா படுக்கும்?” என்றார் ஆயா. அவர் குரலும் கம்மியது.

செவலை படுத்திருந்த பழைய சாக்கை ஆயா துவைக்காமல் சுருட்டிக் கொடுத்தார். தெரிந்த வாசனை இருந்தால் நாய்க்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

மூன்றாம் நாள் காலை ஆட்டோக்காரரின் மனைவி போன் செய்தார்.

“பீரோவுக்குப் பின்னாலயே இருக்கும்மா. வெளியவே வரல.”

“ராத்திரி வச்ச சோறு?”

“தட்டு காலியா இருக்கு.”

“அப்படியா? இன்னிக்குத் தட்டை ஒரு சாண் நகர்த்தி வை” என்றார் ஆயா.