மழையையும் தூசையும் தாங்கும் ஒலிபெருக்கி: வாங்குமுன் அறிய வேண்டியவை

தாராவியின் 90 அடிச் சாலையில் தைப்பொங்கலன்று வரிசையாகப் பானை வைக்கும் மகளிர், மாட்டுங்கா இல்லங்களில் கூடும் பஜனைக் குழுவினர், செம்பூரில் மொட்டைமாடியில் நடன வகுப்பு நடத்தும் ஆசிரியை எனப் பலருக்கும் கையில் தூக்கிச் செல்லும் கம்பியில்லா ஒலிபெருக்கி இன்று தேவைப்படுகிறது. வகுப்பு நடத்துவோருக்கு அது கேளிக்கைப் பொருளன்று, தொழிற்கருவி. ஆதலால், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மும்பை மழைக்குப் பின்னும் அது ஒலிக்குமா என்பதே வாங்குவோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

பெட்டியின் மீது 'நீர் புகாதது' என்று அச்சிட்டிருப்பது மட்டும் போதாது. ஐ.பி. 67 என்பதுபோல் இரண்டு இலக்கம் கொண்ட குறியீட்டைத் தேடுங்கள். முதல் இலக்கம் தூசையும் இரண்டாவது நீரையும் குறிக்கும். 6 எனில் தூசு அறவே புகாது. 7 எனில் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கேடில்லை. ஐ.பி.எக்ஸ். 7 என்றிருந்தால், தூசுக்கான சோதனை விவரம் தரப்படவில்லை என்று பொருள். கும்பார்வாடாவின் களிமண் தூசுக்கு நடுவே பயன்படுத்துவோர் அந்த எக்ஸை எளிதாகக் கடந்துவிடலாகாது. மேலும், மூழ்கினால் தாங்கும் கருவி பீச்சியடிக்கும் நீரையும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. பீச்சும் நீருக்கான சோதனைகள் 5, 6 என்னும் எண்களில் தனியே உள்ளன. காற்றோடு சாய்ந்தடிக்கும் நம் ஊர் மழைக்கு இவ்விரு வகைச் சோதனைகளிலும் தேறிய கருவியே ஏற்றது. இச்சோதனைகள் நன்னீரில் நடத்தப்படுபவை. ஜுஹு கடற்கரைக்குக் கொண்டுசென்றால், திரும்பியதும் உப்பைக் கழுவித் துடைப்பது அவசியம். ஈரம் உலரும் முன் சார்ஜ் செய்யக் கூடாது. கீழே விழுவதைப் பற்றி இக்குறியீடு ஒன்றும் கூறுவதில்லை. அதற்கு ரப்பர் விளிம்பையும் உறுதியான முன்வலையையும் கையால் தொட்டுப் பார்ப்பதே வழி.

அடுத்தது மின்கலம். '20 மணி நேரம்' என்பது பெரும்பாலும் நடுத்தர ஒலியளவில் கணக்கிட்டது. முழு ஒலியில் அது வெகுவாகக் குறையும். மில்லி ஆம்பியர் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற நேரும். 3.7 வோல்ட்டில் 5,000 மில்லி ஆம்பியர் மணியும், 7.4 வோல்ட்டில் 2,500 மில்லி ஆம்பியர் மணியும் ஒரே 18.5 வாட் மணிதான். லித்தியம் மின்கலம் சில நூறு முறை சார்ஜ் ஏறிய பின் தளரத் தொடங்கும். அப்போது அதனை மட்டும் மாற்றித் தருவார்களா என்பதைக் கடையிலேயே கேட்டறிக.

வாட் எண்ணிலும் எச்சரிக்கை தேவை. ஆர்.எம்.எஸ். அளவையே நம்புங்கள், பி.எம்.பி.ஓ. என்பது விளம்பர எண். வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் உயரும். திறந்தவெளியில் கேட்போர் இருமடங்கு தொலைவு விலகினாலோ 6 டெசிபல் குறையும். ஆகவே, ஒலிபெருக்கியை நடுவில் உயரமாக வைப்பது கூடுதல் வாட்டை விடப் பயன் தரும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதும் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே 2000ஆம் ஆண்டு விதிகளின் வரம்பு என்பதும் நினைவிருக்கட்டும்.

பேசவும் பாடவும் வாங்குவோர், கம்பி வழி மைக் செருகும் துளை உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நன்று. ப்ளூடூத் வழியே செல்லும் குரல் சற்றுத் தாமதித்தே ஒலிக்கும். பாடுபவருக்கு அது பெருந்தொல்லை. கூட்டத்தில் மனித உடல்களே அலைகளைத் தடுப்பதால், கைப்பேசியை ஒலிபெருக்கிக்கு அருகிலேயே வைக்க வேண்டும்.

வணிகவியல் படித்தவன் ஆதலால் தேய்மானக் கணக்கையும் கூறிவிடுகிறேன். ரூ.2,000 கொடுத்து வாங்கியது ஒரே மழைக்காலத்தில் பழுதானால், ஆண்டுச் செலவு ரூ.2,000. ரூ.7,000 கொடுத்தது நான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ரூ.1,750. ஆனால் உத்தரவாதப் பத்திரத்தில் நீரால் நேரும் சேதம் விலக்கப்பட்டிருந்தால் இக்கணக்கு பொய்த்துவிடும். அந்தப் பொடி எழுத்தைப் படித்த பின்னரே பணம் செலுத்துங்கள். பி.ஐ.எஸ். முத்திரையுடன் 'ஆர்' எனத் தொடங்கும் பதிவு எண் இருப்பின், அதனை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம்.

கடன் அட்டையில் 'வட்டியில்லாத் தவணை' என்று கூறப்படும்போது, வட்டிக்கு ஈடான தொகை பெரும்பாலும் விலைத் தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. எனினும் அவ்வட்டியின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், சில இடங்களில் செயலாக்கக் கட்டணமும் உங்கள் கணக்கில் ஏறும். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டு, இரண்டையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிட்ட பின் கையொப்பமிடுங்கள்.