சீசன் டியூட்டிக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

குற்றாலத்தில் உனக்கு இது முதல் சீசன் டியூட்டி என்று உன் அம்மா சொன்னாள். கூட்டத்தைச் சமாளிப்பது, தண்ணீர் கூடினால் ஆட்களை வெளியேற்றுவது எல்லாம் ஏட்டையா சொல்லித்தருவார். மனம் கலங்கி நிற்கிற ஒருவரை எப்படி அணுகுவது என்று சொல்லித்தர ஆள் இருக்குமோ என்னவோ. கேஷுவால்டி வாசலில் முப்பது வருஷம் உன் போன்ற போலீஸ்காரர்களை எதிர்கொண்ட நர்ஸ் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பேரருவி கொட்டும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அங்கே பேச வேண்டுமானால் கத்தத்தான் வேண்டும். காதுக்குள் யாரோ ஓயாமல் திட்டுவதாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண் அருவியடியில் நின்று வர மறுக்கிறாள் என்று வைத்துக்கொள். அவளுக்கு உன் சொல் கேட்காது. காக்கி உடுப்பில் ஒரு ஆள் வாயைத் திறந்து கத்துவது மட்டும்தான் தெரியும். அதனால் விசிலைப் பைக்குள் போடு. லத்தியைக் கூட வந்தவரிடம் கொடு. நேர் எதிரே மறித்து நிற்காமல் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் நின்று படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டு. பெண் காவலர் இருந்தால் அவரே பேசட்டும். ஒருவர் மட்டும் பேசட்டும். செல்போனைத் தூக்குகிற கூட்டத்தைத் திருப்பி அனுப்புவது மற்றவர்கள் வேலை. சத்தம் குறைந்த இடத்துக்கு வந்ததும் முதலில் காய்ந்த துண்டு ஒன்றைக் கொடு. ஈரத்தில் நடுங்குகிறவரிடம் ஊர் பேர் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

அவளுக்குக் கேட்கிற குரலைப் பற்றி வாதாடாதே. "எனக்குக் கேக்கல, ஆனா நீங்க பயந்துபோய் இருக்கீங்கன்னு தெரியுது" என்றால் போதும். வீட்டுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி ஜீப்பில் ஏற்றவே ஏற்றாதே. ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பொய் உடைந்துவிடும். பிறகு நாங்கள் நீட்டுகிற மாத்திரையையும் அவள் நம்ப மாட்டாள். எதற்காக அழைத்துப் போகிறோம் என்று அவளிடம் சொல்ல வேண்டியது சட்டப்படியும் உன் கடமை.

அருவி தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் பழையது. எங்கெங்கிருந்தோ பிள்ளையைக் கூட்டிவந்து குளிக்க வைக்கும் அப்பா அம்மாக்களை நீ பார்ப்பாய். அவர்களைக் கேலி செய்யாதே, தம்பி. எத்தனையோ கதவுகளைத் தட்டிவிட்டு வந்தவர்கள் அவர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூட்டிவந்தார்களா என்று மட்டும் பக்குவமாகக் கேள். கையையோ காலையோ கட்டியிருந்தால் அவிழ்க்கச் சொல். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இல்லத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது.

அதே சட்டத்தின் 100-வது பிரிவை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடு. மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரையும், தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்கக்கூடியவரையும் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு. முடிந்தவரை சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. மனநல மருத்துவர் இல்லை என்று யாராவது தயங்கினால் 94-வது பிரிவைச் சொல்: அவசர நிலையில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் சிகிச்சை தரலாம், 72 மணி நேரம் வரை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரிடம் வழக்கு என்று மிரட்டாதே. அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது 115-வது பிரிவு.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஒருநாள் நடுராத்திரி இரண்டு காவலர்கள் ஒரு இளைஞனைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கையையும் துண்டால் சேர்த்துக் கட்டியிருந்தது. உளறினான், உதைத்தான், எச்சில் வழிந்தது. "மெண்டல் கேஸ், சிஸ்டர்" என்றார் ஒருவர். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மெமோவை வாங்கிக்கொண்டு ஓரக் கட்டிலைக் காட்டினேன். ஒரு மணி நேரம் போனபிறகுதான் விரலில் குத்தி சர்க்கரை பார்த்தேன்: 38. குளுக்கோஸ் ஏறிய பத்தாவது நிமிஷம் கண்ணைத் திறந்து, "எங்கம்மா எங்க?" என்றான். அவன் சர்க்கரை வியாதிக்கு ஊசி போடுகிறவன். அவன் மணிக்கட்டில் துண்டு அறுத்த சிவப்புத் தடத்தில் நானே மருந்து தடவினேன். இப்போதும் அந்தத் தடம் என் கண்ணில் நிற்கிறது.

பித்துப் பிடித்தது போலத் தெரிகிற எல்லாம் மனநோய் இல்லை. பாறையில் வழுக்கித் தலை அடிபட்டவன் அப்படித்தான் உளறுவான். கடும் காய்ச்சலும் அப்படிச் செய்யும். தினமும் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தியவன், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்துக்கொட்டி, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்துவான். அவன் உயிருக்கே ஆபத்து, 108-ஐக் கூப்பிட வேண்டும். யாரையும் குப்புறக் கிடத்தி முதுகில் முட்டியை ஊன்றாதே, மூச்சு நின்றுவிடும்.

அதனால்தான் மெமோவைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாதே என்கிறேன். எங்கே பார்த்தாய், எத்தனை மணிக்கு, விழுந்தாரா, குடித்திருந்தாரா, பையில் மாத்திரை அட்டை இருந்ததா, என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று டியூட்டி சிஸ்டரிடம் சொல். அவர் கேட்காவிட்டாலும் சொல். அன்று என்னிடம் யாராவது, "சாயங்காலம் வரை நல்லாப் பேசிட்டிருந்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் வீணாகியிருக்காது. போலீசும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1987-ல் மனநோயுள்ள இளைஞர் ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதன்பிறகு, 1988-ல், போலீசும் மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் கூடி, தனிப் பயிற்சி பெற்ற காவலர் குழு ஒன்றை உருவாக்கினார்கள். போலீஸ் கொண்டுவருகிறவரை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பக் கூடாது, காவலரை மணிக்கணக்கில் காக்க வைக்கவும் கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டில் ஒன்று. அந்த இரண்டாவது பாதி எங்களைப் போன்ற நர்ஸ்களுக்கு. நாங்கள் உன்னைக் காக்க வைத்தால் நீ அடுத்தமுறை தயங்குவாய்.

சாரல் நின்று கடைகளைப் பிரிக்கிறபோது கோயில் மண்டபத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் யாராவது மிஞ்சியிருப்பார்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவராக இருக்கலாம், புளியரை தாண்டி வந்த மலையாளியாக இருக்கலாம். அப்படித் திரிகிறவருக்காகக் காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேடுவதும் ஸ்டேஷன் கடமைதான். அவர் வாயில் வருகிற சொல்லையெல்லாம் குறித்துவை. ஒரு டீச்சர் பெயர், ஒரு ஓடை, ஒரு மில் சங்கு, எதுவாக இருந்தாலும் சரி. மறுநாள் டியூட்டி முடிந்ததும் வார்டுக்கு வந்து அவரை ஒருமுறை பார். தெளிந்த முகத்தோடு ஏதாவது ஊர்ப்பெயர் சொல்வார், எழுதிக்கொள்ளப் பேனாவோடு வா.

அன்புடன்,
உன் அத்தை