எடை முதலில், கோணம் கடைசியில்

வீல் அலைன்மென்ட் கடையின் கணினித் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தால் வண்டி சரியாகிவிட்டது என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். அந்தப் பச்சை, காலி வண்டி அசையாமல் நிற்கும்போது கிடைத்தது. அதே வண்டி ஐந்து பேரோடும் பெட்டிகளோடும் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும்போது பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்குகிறது. சஸ்பென்ஷனின் உயரம் மாறுவதால் கேம்பரும் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறுகின்றன. சக்கரத்தின் கோணம் என்பது எடையும் உயரமும் சேர்ந்து தரும் விளைவு என்பதே என் வாதம். விளைவை முதலில் திருத்திவிட்டுக் காரணத்தைப் பிறகு பார்த்தால், செய்த வேலை நிற்காது.

இதற்கான சான்று பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுபாதை அமைத்தது. நீளம் 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். இப்படி இரு பக்கமும் திரும்பும் பாதைக்குப் பந்தயக் காரைத் தயார் செய்பவர்கள் அலைன்மென்ட்டில் தொடங்குவதில்லை. டயரில் காற்று, டேங்கில் ஓடும் அளவு எரிபொருள், சீட்டில் ஓட்டுநர் அல்லது அவர் எடைக்குச் சமமான பாரம், இவைதான் முதல். பிறகு நான்கு சக்கரத்துக்கும் அடியில் தனித்தனி எடைமேடை. முன் வலது, பின் இடது சக்கரங்களின் எடையைக் கூட்டினால் மொத்தத்தில் பாதி வர வேண்டும். வராவிட்டால் கார் வலப்பக்கம் ஒரு விதமாகவும் இடப்பக்கம் வேறு விதமாகவும் திரும்பும். நான்கு கால் கட்டிலில் ஒரு காலுக்கடியில் கட்டை வைத்தால், அந்தக் காலும் எதிர்மூலைக் காலும்தான் பாரத்தை வாங்கும். ஒரு ஸ்பிரிங்கின் உயரத்தைக் கூட்டினாலும் அதுவேதான் நடக்கிறது, கூடவே சக்கரக் கோணமும் நகர்கிறது. ஆகவே கோணம் பிடிப்பது கடைசி வேலை.

பந்தயக் காருக்குச் சரி, வீட்டுக் காருக்கு எதற்கு என்று கேட்கலாம். தயாரிப்பாளர்களே பெரும்பாலும் காலி வண்டிக்குத்தானே அளவு தருகிறார்கள் என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் அந்த அளவு, ஸ்பிரிங் தளராமலும் இணைப்புகளின் ரப்பர் புஷ்கள் கெட்டியாகவும் இருக்கும் வண்டிக்கானது. ஏற்றும் பாரத்தால் வரும் மாற்றத்தை அந்த நிலையில்தான் தாங்கும். இந்தப் பகுதியின் வெயிலில் ரப்பர் இறுகி வெடிக்கிறது. உப்புக்காற்றில் டை ராட் மரை துருப்பிடித்து நட் திரும்ப மறுக்கிறது. ஆட்டம் கண்ட புஷ்ஷை வைத்துக்கொண்டு பிடித்த கோணம், முதல் வேகத்தடையிலேயே மாறிவிடும். இன்னொன்றும் உண்டு. முன்னுக்கும் பின்னுக்கும் மொத்த எடை எப்படிப் பிரிகிறது என்பதை ஸ்பிரிங்கைத் திருகி மாற்ற முடியாது. பொருளை நகர்த்தித்தான் மாற்ற முடியும். அதனால் கனமான பெட்டியைப் பின்சீட்டை ஒட்டித் தாழ்வாக வைப்பதும் சஸ்பென்ஷன் வேலைதான். கூரைமேல் கட்டிய மூட்டை, கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை இன்னும் ஆட்டும்.

உயரத்தைக் குறைத்தால் வண்டி ஒட்டி ஓடும் என்பது இளைஞர்களின் கட்சி. எடைமையம் இறங்குவது உண்மை. ஆனால் முன்பக்கம் ஸ்ட்ரட் வைத்த சாதாரணக் காரில் அளவுக்கு மீறி இறக்கினால் லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். உடல் சாயும் அச்சு எடைமையத்தைவிட அதிகமாக இறங்கும்; சாய்வைத் தூண்டும் விசைக்கு நெம்புகோல் நீளும். குறைந்த உயரத்தில் அடி இடிக்காமலிருக்க வேண்டிய இடமும் போய்விடும். சமதளமான ஓடுபாதைக்கென முழுதாக மாற்றியமைத்த காருக்குப் பொருந்துவது, ஊருக்கு ஊர் வேகத்தடை உள்ள சாலைக்குப் பொருந்தாது. வண்டி இடப்பக்கம் ஒதுங்குவதையும் உடனே பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மழைநீர் வடிய சாலையே அந்தப் பக்கம் சரிந்திருக்கும். சமதளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது வீல் பாலன்சிங்.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை இது. டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவோரத் தூணில் ஒட்டியுள்ள அளவுப்படி காற்றடியுங்கள். முழுப் பாரத்துக்குத் தனி அளவு தந்திருந்தால் பயணத்துக்கு முன் அதைப் பின்பற்றுங்கள். இரு பக்கமும் வீல் ஆர்ச் உயரத்தை டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். புஷ், பால் ஜாயின்ட், டை ராட் ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லித் தேய்ந்ததை மாற்றுங்கள். டிக்கியில் தேவையின்றிக் கிடக்கும் சுமையை இறக்குங்கள். அதன்பின் அலைன்மென்ட் செய்து, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ரீடிங் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை எந்தக் கோணம் நகர்ந்தது என்று அந்தத் தாள் காட்டும். தேய்ந்த பாகத்தைத் தேடவும் அதுவே உதவும்.