தம்புரா கேட்க ஒரு சத்தமில்லாத கம்ப்யூட்டர்



மந்தைவெளியில் எங்கள் வீட்டில் தாத்தா சேர்த்த கர்நாடக இசை சிடிகள் எண்பதுக்கு மேல் இருக்கின்றன. முழங்கால் வலி வந்த பிறகு மார்கழியில் அவரால் சபாவுக்குப் போக முடிவதில்லை. வீட்டு சிடி பிளேயரும் கெட்டுப்போச்சு. என் பழைய டெஸ்க்டாப்பை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஆலாபனையைப் போட்டேன். இரண்டு நிமிஷம் கேட்டார். "ஏண்டா, தம்புரா எங்க போச்சு?" என்றார்.

தம்புரா எங்கேயும் போகலை. கேபினட் ஃபேன் இரைச்சலுக்கு அடியில் கிடந்தது.

ஏன் அப்படி?

16 பிட் சிடியில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். ஆனால் அறையில் இரைச்சல் இருந்தால் அந்த இடைவெளியின் அடிப்பகுதி மூழ்கிவிடும். பாடகரின் குரல் 70 டெசிபல், தம்புரா அதற்கு 30 டெசிபல் கீழே என்று வைத்துக்கொள்வோம். ஃபேனும் அதே 40 டெசிபலில் இரைந்தால் தம்புரா எப்படிக் கேட்கும்?

எவ்வளவு கம்ப்யூட்டர் வேண்டும்?

கணக்குப் போடுவோம். நொடிக்கு 44,100 மாதிரிகள் × 16 பிட் × 2 சேனல் = 14,11,200 பிட். இன்றைய மிகச் சின்ன பிராசஸருக்கும் இது ஒரு வேலையே இல்லை. மின்சாரம் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் ஃபேன் வேண்டாம். அதனால் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ போதும்: நான்கு கோர், 512 எம்.பி. ரேம், வைஃபை.

பொருட்கள்

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. எனக்கு ஆன செலவு:

- ராஸ்பெர்ரி பை: ₹1,800
- பிசிஎம்5102ஏ டி.ஏ.சி. போர்டு (எண்களை அனலாக் சிக்னலாக மாற்றுவது): ₹400
- 64 ஜி.பி. மெமரி கார்டு: ₹550
- பின் வரிசை, ஒயர்: ₹100

மொத்தம் ₹2,850. சார்ஜர் பழைய போனுடையது (5 வோல்ட், 2 ஆம்பியர்). ஹார்ட் டிஸ்க் கிடையாது. சுற்றுகிற பாகம் ஒன்றுகூட இல்லை.

இணைப்பு

பை போர்டின் பின் 2 (5 வோல்ட்) விஐஎன்-க்கு, பின் 6 கிரவுண்டுக்கு, பின் 12 பிசிகே-க்கு, பின் 35 எல்சிகே-க்கு, பின் 40 டிஐஎன்-க்கு. மூடி ஆடியோ என்ற இலவச மென்பொருளை கார்டில் ஏற்றி, ஹைஃபைபெர்ரி டி.ஏ.சி. டிரைவரைத் தேர்ந்தெடுத்தேன். போர்டின் 3.5 மி.மீ. ஜாக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் வரை ஒரே கேபிள். சிடிகளை ஃபிளாக் வடிவத்தில் மாற்றினால் தரம் துளியும் குறையாது, இடம் ஏறக்குறைய பாதிதான். எண்பதும் இந்த ஒரே கார்டில் அடங்கிவிட்டது.

நான் சொதப்பியது

முதல் முறை ஆன் செய்ததும் பாட்டுக்குப் பதில் கரகரப்புதான் வந்தது. ஒரு நாள் முழுக்க டிரைவரைத் திட்டினேன். தப்பு என்னுடையது. டி.ஏ.சி. போர்டில் எஸ்சிகே என்ற பின் அந்தரத்தில் இருந்தது. அதை கிரவுண்டோடு சால்டர் செய்தால்தான் சிப் தனக்கு வேண்டிய கிளாக்கை பிசிகே-யிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும். ஒரு சொட்டு ஈயம், பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று. டெஸ்க்டாப்பில் ஸ்பீக்கரிலிருந்து 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' சத்தமும் வந்துகொண்டிருந்தது. டெஸ்க்டாப், ஆம்ப்ளிஃபயர் இரண்டும் எர்த்தோடு இணைந்திருந்ததால் கிரவுண்ட் லூப். இரண்டு பின் சார்ஜரில் எர்த் இல்லாததால் அந்தச் சுற்று உடைந்தது. இதற்காக யாரும் மூன்று பின் பிளக்கின் எர்த்தை வெட்டிடாதீங்க, உயிருக்கே ஆபத்து!

கடைசியாக

அதே ஆலாபனையை மறுபடி போட்டேன். தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்து, "சுருதி கேக்கறதுடா" என்றார். அவ்வளவுதான்.

நீங்களும் காசு செலவழிக்கும் முன், ராத்திரி ஒரு நிமிஷம் பாட்டே போடாமல் உங்க அறையைக் கேளுங்க. எது இரைகிறதோ, முதலில் அதைக் கழியுங்க. சீலிங் ஃபேனை என்ன செய்வது என்கிறீர்களா? மே மாதச் சென்னையில் அதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை!