மீன் தொட்டிச் செடிகளுக்குக் கரியமில வாயு ஊட்டுதல்

நெற்பயிர் நீரில் நின்றாலும் தன் இலைகளைக் காற்றில் விரித்துக் கரியமில வாயுவைப் பெறுகின்றது. நீருள் முழுதும் மூழ்கிய செடிக்கு அவ்வசதி இல்லை. காற்றிற் பரவுவதிலும் பார்க்க நீரில் இவ்வாயு ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகவே பரவும்.

சபரகமுவ உள்ளிட்ட ஈரவலயத்து ஓடைகளில் கிரிப்டோகொரைன் இனச் செடிகள் வளர்கின்றன. அவற்றுட் பல இலங்கைக்கே உரியவை. மீன் தொட்டிகளுக்கென இவை விலைபோகும். ஓடையிற் பிடுங்காது, ஈரப்பாத்தியிற் பெருக்கி விற்றலே தகும். பாத்தியில் இலை காற்றில் நிற்றலால் வாயு ஊட்ட வேண்டுவதில்லை. பலாங்கொடைக் கமக்காரர் செடிகளைத் தொட்டியில் மூழ்கவைத்துப் பழக்கி விற்க விரும்பின், அங்கேதான் ஊட்டம் வேண்டும்.

ஊட்டும் முறை

மூடிய வடிகலம் தொட்டி நீரை உள்ளிழுத்து, வடித்து, மீண்டும் தொட்டிக்கு அனுப்பும். அதன் உறிஞ்சு குழாயின் வாயில் வாயுக் குமிழிகளை விட்டால், அவை நீருடன் வடிகலத்துட் சென்று பெரும்பாலும் கரைந்துவிடும். எஞ்சியவற்றைச் சுழலி நொறுக்கும். கரைந்த வாயு நீரோட்டத்துடன் தொட்டியெங்கும் பரவும்.

100 இலீற்றர்த் தொட்டிக்கு இரண்டு செக்கனுக்கு ஒரு குமிழியாகத் தொடங்கி, பல நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டுக. இலீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஏறலாகாது. தொட்டியில் தொங்கவிடும் சோதனைக் குப்பியின் நிறம் இதனைக் காட்டும்: நீலம் குறைவு, பச்சை அளவு, மஞ்சள் மிகை. நிறம் மாற இரண்டு மணி நேரம் வரை செல்லுமாதலால் அவசரப்படலாகாது.

எச்சரிக்கை

1. குமிழி மிகுந்தால் வாயு வடிகலத்தின் மூடியடியில் திரளும். சுழலி இரைந்து, நீரோட்டம் தளரும். உடனே வாயுவைக் குறைத்து, வடிகலத்தை மெல்லச் சரித்துத் திரண்டதை வெளியேற்றுக.

2. ஒளியில்லாத வேளையிற் செடி வாயுவை உண்ணாது. விளக்கை அணைக்குமுன் வாயுவை நிறுத்துக.

3. மின்சாரம் நின்றால் வடிகலமும் நிற்கும். வாயு மட்டும் தொடர்ந்து வரலாகாது. மின் அடைப்பானை வடிகலத்தின் ஆளியுடனேயே இணைத்தல் நன்று.

4. சீனியும் ஈஸ்டும் இட்ட போத்தலை இரவில் நிறுத்த இயலாது. அதனை இறுக அடைத்தால் வெடிக்கும். வாயுக் குழாயை எப்பொழுதும் திறந்தே வைத்து, இரவில் நீர்மட்டத்தைக் கலக்கிவிடுக.

5. மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுத் திணறின், வாயு மிகையென்று கொள்க. வாயுவை நிறுத்தி, நீரின் மேற்பரப்பைக் கலக்கி, மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுக.

மலை ஓடை நீர் பெரும்பாலும் மென்மையானது. வாயு சற்றே மிகினும் அதன் அமிலத்தன்மை விரைவில் ஏறும். ஆகவே பயிருக்கு உரமிடுவதைப் போன்றே இதையும் அளந்து, நேரமறிந்து ஊட்டுதல் வேண்டும். மிகை ஊட்டம் ஓரிரவில் மீன்கள் அனைத்தையும் கொன்றுவிடும்.