பேனல் தகட்டில் பெரிய துளை: எந்த வேலைக்கு எந்தக் கருவி?

கன்ட்ரோல் பேனல் செய்யும் பட்டறையில் சேருகிற ஐ.டி.ஐ. இளைஞரின் கைக்குச் சீக்கிரமே வந்துசேரும் வேலை, தகட்டில் துளை போடுவது. 10 மி.மீ. வரை கவலை இல்லை. சாதாரண டிரில் பிட் போதும். புஷ் பட்டனுக்கு 22.5, கேபிள் கிளாண்டுக்கு 32, 40, 63 என்று அளவு ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. துளை வட்டமாக வராமல் கோணிக்கொள்ளும். பெயின்ட் உரியும். பின்பக்கம் பிசிறு முள்ளாக நிற்கும். அந்தப் பிசிறு கிளாண்டின் வாஷரைக் கிழித்தால், ஐ.பி. 54, ஐ.பி. 65 என்று எழுதிக்கொடுத்த தூசு, தண்ணீர்ப் பாதுகாப்பு அந்த இடத்திலேயே போய்விடும். கேபிளின் மேலுறையைச் சீவினால் ஆபத்து இன்னும் பெரிது.

பெரும்பாலும் இதற்குக் காரணம், விட்டத்தை மட்டும் பார்த்துக் கருவியை எடுப்பதுதான். எடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. தகடு எது, கனம் எவ்வளவு? (16 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.6 மி.மீ.; 14 கேஜ் என்றால் 2 மி.மீ.)
2. ஒரே அளவில் எத்தனை துளைகள்?
3. தகட்டின் இரு பக்கமும் கை போகுமா?
4. தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

நான்காவது கேள்வியைக் கேட்காமல் டிரில்லைக் கையில் எடுக்கவே கூடாது. காலிப் பெட்டியில் விழும் இரும்புத்தூளைப் பெருக்கித் தள்ளிவிடலாம். பிரேக்கரும் கான்டாக்டரும் பி.எல்.சி.யும் பொருத்திய பேனலுக்குள் அதே தூள் விழுந்தால், சப்ளை கொடுக்கும் நாளில் ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

ஸ்டெப் டிரில்: மெல்லிய தகட்டுக்கு முதல் தேர்வு

கூம்பு வடிவில் படிப்படியாக அகலும் பிட் இது. 3 மி.மீ. வரையிலான தகட்டில், 30 மி.மீ. சுமாருக்குள் உள்ள துளைகளுக்கு ஏற்றது. தகட்டின் கனத்தைவிட ஒவ்வொரு படியின் உயரமும் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே விதி. துளை வட்டமாக வரும். அடுத்த படியை விளிம்பில் லேசாகத் தொடவைத்தால் மேல்பக்கப் பிசிறும் போய்விடும். ஏற்கெனவே உள்ள சிறு துளையைப் பெரிதாக்கவும் இது உதவும்; கூம்பு தானாகவே மையத்தில் உட்காரும்.

வாங்கும்போது படிகளின் அளவைப் படித்துப் பாருங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 4–32 பிட்டில் படிகள் 2 மி.மீ. இடைவெளியில் ஏறும்: 20, 22, 24 என்று போகும். 22-இல் புஷ் பட்டன் நுழையாது, 24-இல் ஆடும். 22.5 படி உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். கிளாண்டுக்கும் அப்படியே: எம்20-க்கு 20.5, எம்25-க்கு 25.5, எம்32-க்கு 32.5 என்று அரை மில்லி கூடுதலாக வேண்டும்.

ஹோல் சா: வேகத்தைக் குறைத்தால்தான் வேலை

40, 50, 63 மி.மீ. துளைகளுக்கு விலை குறைந்த வழி பைமெட்டல் ஹோல் சா. அதன் பற்கள் கருகி மழுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், அளவுக்கு மீறிய வேகம். வட்டம் பெரிதாகும் அளவுக்குச் சுற்று குறைய வேண்டும். சாதாரண இரும்புத் தகட்டில் 22 மி.மீ. ஹோல் சாவுக்கு நிமிடத்துக்கு 350 சுற்று சுமார், 50 மி.மீ.க்கு 160 போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இவற்றில் பாதி. சிறிய கை டிரில்கள் ஆயிரக்கணக்கான சுற்றுகளில் ஓடுபவை. ஆகவே வேகக் கட்டுப்பாடு உள்ள மெஷின் தேவை. முடிந்தால் பில்லர் டிரில்லில் வைத்துப் போடுங்கள்.

தகட்டுக்கு அடியில் ஒரு பலகையை வைத்து கிளாம்ப் போட்டால் பற்கள் தகட்டைக் கவ்வி இழுப்பது குறையும். வெட்டும்போது கட்டிங் ஆயில் விடுங்கள். எஸ்.எஸ். தகட்டுக்குக் கார்பைடு முனை வைத்த ஹோல் சா நல்லது. அழுத்தத்தைச் சீராகக் கொடுங்கள். வெட்டாமல் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த உலோகம் இறுகி, அப்புறம் எந்தப் பல்லும் ஏறாது.

ஹோல் சா துளையைச் சற்றுப் பெரிதாகவே போடும். பின்பக்கம் பிசிறும் விடும். அரமோ, பிசிறு சீவும் கருவியோ இல்லாமல் இந்த வேலை முடியாது.

நாக்அவுட் பஞ்ச்: சுத்தமான துளைக்கு இதுவே

ஒரு பக்கம் பஞ்ச், மறு பக்கம் டை, நடுவில் இரண்டையும் இழுக்கும் போல்ட். இறுக்க இறுக்கப் பஞ்ச் தகட்டை வெட்டி டைக்குள் இறங்கும். வெட்டுப்பட்ட பகுதி ஒரே வில்லையாக டைக்குள் தங்கிவிடும். போல்ட் நுழைவதற்கான பைலட் துளையைப் போடும்போது மட்டும்தான் தூள் விழும். அதற்குப் பின்னால் ஒரு அட்டையை டேப் போட்டு ஒட்டிவிட்டால் அதையும் பிடித்துவிடலாம். பொருட்கள் பொருத்திய பேனலில் புதிதாகத் துளை தேவைப்பட்டால் நான் சொல்வது இந்தக் கருவி ஒன்றைத்தான். சப்ளையை நிறுத்தி, லாக் போட்டு, டெஸ்டரில் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கையால் இறுக்குவதா, ஹைட்ராலிக்கா? கணக்கே பதில் சொல்லும். வெட்டு விசை என்பது வட்டத்தின் சுற்றளவு, தகட்டின் கனம், உலோகத்தின் வெட்டு வலிமை ஆகிய மூன்றின் பெருக்கல். 1.6 மி.மீ. இரும்புத் தகட்டில் 22.5 துளைக்கு ஏறத்தாழ 4 டன் வரும். 2 மி.மீ. தகட்டில் 63.5 துளைக்கு 14 டன். பஞ்சின் முனை சரிவாக இருப்பதால் முழு வட்டமும் ஒரே நேரத்தில் வெட்டுப்படாது. உண்மையில் தேவைப்படும் விசை இதைவிடக் குறையும். என்றாலும் சிறிய துளையை ஸ்பேனரால் முடித்துவிடலாம், பெரிய துளைகளுக்கு ஹைட்ராலிக் பம்ப் வேண்டும் என்பது இதிலிருந்தே தெளிவாகும். எஸ்.எஸ். தகட்டுக்கு அதற்கென்று குறிப்பிட்ட பஞ்சையே வாங்குங்கள். சாதாரண பஞ்சின் முனை உடையக்கூடும்.

இதற்கு இரு வரம்புகள் உண்டு. தகட்டின் இரு பக்கமும் கை போக வேண்டும். டையின் வெளிவிட்டம் துளையைவிடப் பெரிது. பெட்டியின் மடிப்புக்கு மிக அருகில் துளை குறித்திருந்தால் டை உட்காராது. மார்க் செய்யும்போதே பார்த்துவிடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

சரிசெய்யக்கூடிய ஒற்றைக் கைச் சர்க்கிள் கட்டரைக் கை டிரில்லில் மாட்டவே கூடாது. தகட்டில் சிக்கினால் மணிக்கட்டை முறுக்கிவிடும். கேஸ் கட்டிங்கும் வெல்டிங் ராடும் விளிம்பைக் கருக்கி, மெல்லிய தகட்டை நெளியவைக்கும். கோர் கட்டரும் மேக்னட் டிரில்லும் கனமான பிளேட்டுக்கானவை. மெல்லிய தகட்டில் காந்தம் உறுதியாகப் பிடிக்காது.

96 மி.மீ. மீட்டர் போன்றவற்றுக்கு 92 × 92 சதுரம் வேண்டும். மூலைகளில் துளை போட்டு, நுண்பல் பிளேடு மாட்டிய ஜிக்சாவால் அறுத்து, அரத்தால் முடியுங்கள். ஒரே மாதிரி நிறையப் பேனல்கள் என்றால் கையால் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். லேசர் அல்லது சி.என்.சி. பஞ்சிங் செய்யும் பட்டறைக்கு டிராயிங்கைக் கொடுங்கள். பவுடர் கோட்டிங்குக்கு முன்பே துளைகள் வந்துவிட்டால் விளிம்பும் பெயின்டுக்குள் மறையும், துரு பிடிக்காது. பெயின்டுக்குப் பின் போட்ட துளையின் விளிம்புக்கு டச்-அப் கொடுங்கள், ஜி.ஐ. தகடு என்றால் ஜிங்க் பெயின்ட்.

எதை முதலில் வாங்குவது?

சென்டர் பஞ்ச், 22.5-உம் கிளாண்டு அளவுகளும் கொண்ட ஸ்டெப் டிரில், பிசிறு சீவும் கருவி, பாதுகாப்புக் கண்ணாடி: இவை முதல் மாதச் சம்பளத்திலேயே சொந்தமாக இருக்கட்டும். சுழலும் மெஷினில் கையுறை வேண்டாம், இழுத்துக்கொள்ளும். தகட்டைக் கையாளும்போது மட்டும் போடுங்கள். அடுத்து, அதிகம் வரும் அளவுகளில் கையால் இறுக்கும் பஞ்சுகள். ஹைட்ராலிக் செட் பட்டறை முதலாளியின் பொறுப்பு. வாரம்தோறும் பெரிய கிளாண்டு வேலை வந்தால் அதைக் கேட்டு வாங்கச் சொல்லலாம்.

புதிய கருவியை வேலைத் தகட்டில் சோதிக்காதீர்கள். அதே கனமுள்ள கழிவுத் தகட்டில் ஒரு துளை போட்டு, பொருத்தப்போகும் கிளாண்டையே நுழைத்துப் பாருங்கள். வெர்னியர் காட்டும் எண் சரியாக இருந்தாலும், வாஷர் சுற்றிலும் சமமாக உட்கார்ந்தால்தான் துளை தேறியது. இந்தப் பழக்கம் உள்ள ஃபிட்டரைத்தான் சூப்பர்வைசர் துணையில்லாமல் சைட்டுக்கு அனுப்புவார். சம்பள உயர்வும் அங்கிருந்துதான் தொடங்கும்.